எழுத்தாளரையும் எடிட்டரையும் எப்படி எடுக்குறது: சிபாரிசா, இன்டர்வியூவா, டெஸ்டா, ட்ரையலா?

எங்க பதிப்பகம் ரொம்ப சின்னது, திருவல்லிக்கேணியில ஒரு மாடியில அஞ்சு பேர் உக்காந்து வேலை பாக்குறோம், வருஷத்துக்கு இருபது இருபத்தஞ்சு புத்தகம், சிறுவர் நூல், உள்ளூர் வரலாறு, கொஞ்சம் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். பன்னெண்டு வருஷமா ஆள் எடுக்குற பொறுப்பு என் தலையில இருக்கு. போன வருஷம் ஒரு முழுநேர எடிட்டரும் ரெண்டு எழுத்தாளரும் எடுக்க வேண்டியிருந்துச்சு, அப்ப நாங்க பண்ணதப் பத்திக் கேள்விப்பட்டு மத்த சின்ன பதிப்பகத்துக்காரங்க, இணையப் பத்திரிகை நடத்துற பசங்க எல்லாம் போன் பண்ணி "எப்படிக்கா எடுத்தீங்க"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். நாலு வழியையும் நான் பண்ணிப் பாத்திருக்கேன், நாலுலயும் தப்பும் பண்ணியிருக்கேன்.

முதல்ல சிபாரிசு. தமிழ்ப் பதிப்புலகத்துல முக்காவாசி வேலை இப்படித்தான் நடக்குது, யாரோ ஒரு எழுத்தாளர் போன் பண்ணி "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நல்லா எழுதுவான், பாருங்க"ம்பார், அடுத்த வாரம் அந்தப் பையன் வந்து உக்காந்துடுவான். இதுல நல்லது இல்லாம இல்ல, விளம்பரம் வேணாம், நாப்பது விண்ணப்பம் படிக்க வேணாம், சொன்னவர் முகத்துக்காகவாவது பையன் ஒழுங்கா வருவான். அவசரத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஆள் வேணும்னா நானே இப்பவும் ரெண்டு பேருக்கு போன் போட்டுத்தான் கேப்பேன்.

ஆனா நிரந்தர வேலைக்கு இது என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் எங்க ஆபீஸ்ல சுத்திப் பாத்தப்ப தான் எனக்கு உறைச்சுது. அப்ப ஆறு பேர் இருந்தோம், அதுல நாலு பேர் ஒரே காலேஜ், ஒரே டிபார்ட்மென்ட், ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி ரசனை, ஒரே எழுத்தாளர்களப் பிடிக்கும், ஒரே விஷயம் கண்ணுல படாது. மீனவக் குப்பத்தப் பத்தி ஒரு சிறுவர் கதை வந்துச்சு, அதுல வலை, படகு சம்பந்தமா எழுதுனது பாதி தப்பு, எங்க ஆறு பேருக்கும் அது தப்புன்னே தெரியல. புத்தகம் வந்தப்புறம் காசிமேட்டுலேந்து ஒரு ஸ்கூல் டீச்சர் எழுதுன லெட்டர்ல தான் தெரிஞ்சுகிட்டோம். 2019-ல ஆக்ஸ்ஃபாம் இந்தியாங்கிற தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரிங்கிற இணையச் செய்தித் தளமும் சேந்து இந்திய ஊடகங்களப் பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க, அவங்க எண்ணிப் பாத்த 121 தலைமைப் பொறுப்புகள்ல 106 பேர் உயர்சாதிக்காரங்க, பட்டியல் சாதி, பழங்குடியிலேந்து ஒருத்தர் கூட இல்ல. அங்க யாரும் வாசல்ல நின்னு "நீ வராதே"ன்னு தடுத்திருக்கணும்னு அவசியமே இல்ல, தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வந்துட்டே இருந்தா போதும், தன்னால அப்படி ஆயிடும். அதனால சிபாரிச நாங்க ஒழிக்கல, சிபாரிசுல வர்றவங்களும் மத்தவங்க மாதிரியே டெஸ்ட் எழுதணும்னு மட்டும் வச்சுகிட்டோம். இதுல ரெண்டு மூத்த எழுத்தாளர்களுக்கு என் மேல வருத்தம், எனக்குப் புரியுது, ஆனாலும் மாத்திக்க முடியாது.

ரெண்டாவது வழி, சிவி வாங்கிப் பாத்து இன்டர்வியூ வைக்கிறது. இதுதான் முறையா தெரியும், ஆனா எழுத்து வேலைக்கு இது மட்டும்னா போதவே போதாது. பிழை திருத்துறதுங்கிறது வாயத் தொறக்காம பண்ற வேலை, நான் பாத்த நல்ல மெய்ப்புத் திருத்துறவங்க நாலு பேர்ல மூணு பேர் அஞ்சு நிமிஷம் சேந்தாப்ல பேச மாட்டாங்க. இலக்கியத்தப் பத்தி அருவி மாதிரி பேசுன ஒருத்தர எடுத்தோம், மூணு மாசம், மாசத்துக்கு 30,000 ரூபா சம்பளம் குடுத்தோம், அவர் பாத்து அனுப்புன ஃபாரத்துல, அதாவது அச்சுக்குப் போற பக்கங்கள்ல, 'சுவற்றில்', 'முயற்ச்சி', 'பதட்டம்' எல்லாம் அப்படியே இருந்துச்சு. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவர்கிட்ட நாங்க பிழை திருத்தத் தெரியுமான்னு சோதிக்கவே இல்ல, எந்த நாவல் பிடிக்கும்னு ஒரு மணி நேரம் பேசிட்டு வேலை குடுத்துட்டோம்.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. 1998-ல ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர்னு அமெரிக்காவுல ரெண்டு உளவியல்காரங்க 85 வருஷத்து ஆய்வுகள ஒண்ணு சேத்துப் பாத்தாங்க, வேலைக்கு எடுக்குற முறைகள்ல எது பின்னாடி அந்த ஆள் வேலை செய்யுறதோட ஒத்துப்போகுதுன்னு. ஒண்ணுன்னா முழுசா ஒத்துப்போகுது, பூஜ்யம்னா சம்பந்தமே இல்லன்னு அர்த்தம். வேலைய செஞ்சு காட்டச் சொல்றதுக்கு 0.54, எல்லாருக்கும் ஒரே கேள்வி வச்சு நடத்துற இன்டர்வியூவுக்கு 0.51, சும்மா மனசுல தோணுறதக் கேக்குற இன்டர்வியூவுக்கு 0.38, எத்தன வருஷ அனுபவம்ங்கிறதுக்கு வெறும் 0.18. 2022-ல பால் சாக்கெட்டும் கூட இருந்தவங்களும் அந்தக் கணக்க மறுபடி போட்டு, பழைய எண்ணெல்லாம் கொஞ்சம் கூடத்தான் இருக்குன்னு சொன்னாங்க, அவங்க கணக்குல ஒரே கேள்வி இன்டர்வியூ 0.42-ன்னு முதல்ல நிக்குது, செஞ்சு காட்டுறது 0.33, சும்மா பேசுற இன்டர்வியூ 0.19-க்கு இறங்கிடுச்சு. இத நான் இங்க சொல்றதுக்குக் காரணம் இருக்கு, கொஞ்ச நாள் டெஸ்ட் மட்டும் இருந்தா போதும் இன்டர்வியூவே வேணாம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், அது சரியில்ல. டெஸ்டும் வேணும், முன்கூட்டியே எழுதி வச்ச ஒரே கேள்விகளோட இன்டர்வியூவும் வேணும், "சும்மா வாங்க பேசலாம்"ங்கிறது தான் வேணாம்.

அந்த "சும்மா பேசலாம்"ல இன்னொரு விஷயம் நடக்குது. "சொந்த ஊரு எது?", "அப்பா என்ன பண்றாரு?", "அந்த ஊர்ல எந்தத் தெரு?" நம்ம ஊர்ல இதெல்லாம் அன்பா விசாரிக்கிற மாதிரி தான் இருக்கும், கேக்குறவருக்கு மனசுல ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா எதிர்ல உக்காந்திருக்கிற பொண்ணுக்கு அந்தக் கேள்வி எங்க போய் முடியும்னு தெரியும். 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்த பேர்லேந்து எடுக்கணும்னு தீர்மானம் போட்டு, அதனால இன்னிக்கு நம்ம பேருக்குப் பின்னாடி சாதி இல்ல, அது எவ்வளவு பெரிய விஷயம்னு வட இந்தியாவுல விண்ணப்பம் போடுறவங்களக் கேட்டா தெரியும். 2007-ல சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் வெளியிட்ட ஆய்வுல தனியார் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி தகுதியோட, பேர மட்டும் மாத்தி விண்ணப்பம் அனுப்பிப் பாத்தாங்க, உயர்சாதி இந்துப் பேரோட ஒப்பிட்டா தலித் பேருக்குக் கூப்பிடுற வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பேருக்கு 0.33. நம்ம ஊர்ல பேர்ல சாதி இல்லாட்டியும் மதம் தெரியும், ஊர் தெரியும், எந்த ஸ்கூல்னு தெரியும், பேச்சு வழக்கு தெரியும். அதனால நாங்க இன்டர்வியூல ஊர், குடும்பம், கல்யாணம், குழந்தை இது நாலையும் கேக்கக் கூடாதுன்னு தாள்ல எழுதி மேஜை மேல ஒட்டி வச்சுட்டோம். குழந்தை இருக்கான்னு ஆம்பளைங்கள யாரும் கேக்குறதில்ல, அதையும் சேத்துக்கங்க.

அடுத்தது டெஸ்ட். இதுல ரெண்டு வகை இருக்கு, காசு குடுக்காம வாங்குறது, காசு குடுத்து வாங்குறது. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் எனக்கு சொந்த அனுபவத்துல தெரியும்.

படிச்சு முடிச்ச புதுசுல ஒரு நிறுவனத்துல எழுத்தாளர் வேலைக்குப் போனேன், டெஸ்டுன்னு மூணு கட்டுரை கேட்டாங்க, ஒவ்வொண்ணும் ஆயிரம் வார்த்தை, ஒரு வாரம் லைப்ரரியில உக்காந்து குறிப்பு எடுத்து எழுதிக் குடுத்தேன். பதிலே வரல. ரெண்டு மாசம் கழிச்சு என் தம்பி தான் காட்டினான், மூணுல ரெண்டு கட்டுரை அவங்க மலர்ல அச்சாகியிருந்துச்சு, தலைப்பு மட்டும் மாறியிருந்துச்சு, பேர் இல்ல. அப்ப எனக்கு என்ன பண்ணணும்னு தெரியல, பேசாம இருந்துட்டேன், அந்தக் கோவம் இன்னும் போகல. இப்ப தெரியும், 1957-ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டப்படி எழுதுனவங்க தான் முதல் உரிமையாளர், சம்பள வேலையில இருந்துகிட்டு அந்த வேலையோட பாகமா எழுதுனா தான் முதலாளிக்குப் போகும். டெஸ்ட் எழுதுறவங்க வேலையில இல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டு உரிமைய மாத்திக் குடுக்காத வரைக்கும் அந்தக் கட்டுரை அவங்களோடது தான். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்களுக்கும் இதே கதை தான், நீங்க காசு குடுத்துட்டதாலேயே உரிமை உங்களுக்கு வந்துடாது, எழுத்துல ஒப்பந்தம் வேணும், அதுல எத்தன வருஷம்னு போடலன்னா அஞ்சு வருஷம்னு தான் சட்டம் எடுத்துக்கும், எந்த எடத்துக்குன்னு போடலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். பதிப்பகம் வச்சிருக்கிற பாதி பேருக்கு இது தெரியாம வாய்வார்த்தையில ஓடிட்டு இருக்கு.

காசு குடுக்காத டெஸ்டுல அநியாயம் ஒரு பக்கம், அது வேலைக்கும் ஆகாதுங்கிறது இன்னொரு பக்கம். ஒரு வாரம் சும்மா உக்காந்து எழுத யாரால முடியும்? வீட்டுல சோத்துக்குக் கவலை இல்லாதவங்களால முடியும். ஏற்கெனவே ஒரு வேலையில ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருந்துட்டு வர்ற நல்ல எடிட்டர், கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மா, இவங்க எல்லாம் விட்டுருவாங்க, நம்மகிட்ட வர்றது மிச்சம் இருக்குறவங்க.

இப்ப நாங்க பண்றதச் சொல்றேன். விண்ணப்பத்தோட ஒரு பக்கம் கேப்போம், அவ்வளவுதான், அவங்க எழுதுனதோ திருத்துனதோ ஏதாவது ஒரு பக்கம். அதுலேந்து எட்டு பேர எடுத்து ஆளுக்கு ரெண்டு மணி நேர டெஸ்ட், ஆளுக்கு 1,200 ரூபா, தேறினாலும் தேறாட்டியும் அன்னிக்கே ஜிபே பண்ணிடுவோம். எட்டு பேருக்கு 9,600 ரூபா. "சின்ன பதிப்பகத்துக்கு இது கட்டுப்படியாகுமா"ன்னு கேக்குறாங்க, நான் மேல சொன்ன அந்த மூணு மாச சம்பளத்தக் கணக்குப் பாருங்க, 90,000 ரூபா, அது போக அந்த ஃபாரமெல்லாம் மறுபடி பாத்த கூலி.

எடிட்டருக்கும் எழுத்தாளருக்கும் ஒரே டெஸ்ட் வைக்கக் கூடாது, நிறைய பேர் இதத் தான் பண்றாங்க, எடிட்டர் வேலைக்கு வந்தவங்களக் கட்டுரை எழுதச் சொல்றாங்க. நல்லா எழுதுறவங்க நல்லா திருத்துவாங்கன்னு இல்ல, சொல்லப் போனா சில பேர் அடுத்தவங்க எழுத்தத் தன்னோட எழுத்தா மாத்தித் தான் குடுப்பாங்க.

எடிட்டர் டெஸ்டுக்கு நாங்களே 600 வார்த்தையில ஒரு துண்டு தயார் பண்ணோம். அதுல வேணும்னே பிழை வச்சோம். 'அந்த பையன்'னு ஒற்று விட்டது, 'எழுதியக் கதை'ன்னு ஒற்று வரக் கூடாத எடத்துல போட்டது, ல ள ழ குழப்பம் மூணு, 1952-ல பிறந்த பாட்டிக்கு 1970-ல 22 வயசுன்னு ஒரு கணக்கு, வைகை ஆறு திருநெல்வேலி வழியா ஓடுதுன்னு ஒரு வரி, முதல் பத்தியில மாமான்னு வந்தவர் கடைசிப் பத்தியில சித்தப்பா ஆகுறது. கூடவே தொடக் கூடாத எடமும் ரெண்டு மூணு வச்சோம், அதுதான் அந்த டெஸ்டோட உயிர். ஒரு எடத்துல கொங்குப் பக்கத்து ஆள் ஒருத்தர் பேசுறார், "ஏனுங்கண்ணா, எப்ப வந்தீங்க?"ன்னு. எட்டு பேர்ல மூணு பேர் அத "ஏன் அண்ணா, எப்போது வந்தீர்கள்?"னு திருத்தியிருந்தாங்க. கோயமுத்தூர்ப் பக்கம் பொறந்த யாரும் சொல்லுவாங்க, 'ஏனுங்க'ங்கிறது கூப்பிடுற சொல், 'எதுக்கு'ன்னு கேக்குறது இல்ல. திருத்துன கையோட அந்தப் பாத்திரமே செத்துப் போச்சு. அதுல ஒருத்தர் ஒற்றுப் பிழை ஒண்ணு கூட விடல, அவ்வளவு கூர்மையான கண்ணு, ஆனா தெரியாத வழக்கப் பாத்தா பிழைன்னு முடிவு கட்டுற கை.

இன்னொருத்தர் அந்த எடத்துல ஓரத்துல எழுதியிருந்தாங்க: "பேச்சு வழக்கு, தொடவில்லை. ஆனால் மூன்றாம் பத்தியில் இதே ஆள் 'என்னலே' என்கிறார், அது நெல்லைப் பக்கம். எழுத்தாளரிடம் கேட்க வேண்டும்." அந்த 'என்னலே' நாங்க வச்ச பிழை இல்ல, எங்க தாள்லேயே தெரியாம விழுந்தது. அந்தக் குறிப்பப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன். அவங்க ஒற்றுல நாலு எடம் விட்டிருந்தாங்க, பாட்டி வயசையும் வைகையையும் பிடிச்சிருந்தாங்க. அவங்களத் தான் எடுத்தோம். ஒத்த ஒற்று இன்னொரு கண்ணு பாத்தா மாட்டும், எத எழுத்தாளர்கிட்ட கேக்கணும், எதத் தானே திருத்தலாம்ங்கிற தெளிவு அவ்வளவு சுலபமா வராது. எல்லா எடத்துக்கும் இதே முடிவு சரின்னு சொல்ல மாட்டேன், பாடநூல், தேர்வுக் கையேடு போடுறவங்க அந்த முதல் ஆளத் தான் எடுக்கணும்.

எழுத்தாளர் டெஸ்ட் வேற. ரெண்டு பக்கத்துக்குப் பேட்டிக் குறிப்பு, கலைஞ்சு கிடக்குற மாதிரி, ஒரு பழைய செய்தி, ஒரு அட்டவணை, இத வச்சு பத்து வயசுப் பிள்ளைக்குப் புரியுற மாதிரி 500 வார்த்தை. தலைப்பு நாங்க ஏற்கெனவே புத்தகமா போட்டு முடிச்ச விஷயமா தான் இருக்கும், அத முன்னாடியே சொல்லிடுவோம், அப்ப தான் "இவங்க நம்ம எழுத்த எடுத்துக்குவாங்களோ"ங்கிற பயம் இல்லாம எழுதுவாங்க. "இது உங்களுக்குச் சொந்தம், நாங்க பயன்படுத்த மாட்டோம்"னு மெயில்லயும் எழுதிக் குடுத்துடுவோம்.

மார்க் போடுறதுல தான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. தாள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எதுக்கு எவ்வளவுன்னு எழுதி வச்சுடணும், படிச்சதுக்கப்புறம் யோசிச்சா பிடிச்சவங்களுக்குத் தகுந்த மாதிரி மனசு நியாயம் கண்டுபிடிக்கும், என் மனசும் அப்படித்தான். எங்க அக்கவுன்ட்ஸ் பாக்குற பொண்ணு பேரெல்லாம் எடுத்துட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண் போட்டுக் குடுக்கும், நானும் இன்னொருத்தரும் தனித்தனியா மார்க் போட்டு அப்புறம் தான் ஒப்பிட்டுப் பாப்போம். போன தடவ ஒரு தாளுக்கு நான் 31, அவர் 19. ஒரு மணி நேரம் சண்ட போட்டோம், கடைசியில பாத்தா அவர் நீளமான வாக்கியம் எல்லாத்தையும் தப்புன்னு வச்சிருக்கார், எங்க மார்க் தாள்ல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. மார்க் தாளத் திருத்துனோம், எட்டு பேருக்கும் மறுபடி மார்க் போட்டோம்.

எல்லாரும் கேக்குற கேள்வி, வீட்டுலேந்து டெஸ்ட் எழுதுனா சாட்ஜிபிடில போட்டு எடுத்துட மாட்டாங்களான்னு. எடுப்பாங்க தான். அதுக்காக எல்லாரையும் சென்னைக்கு வரச் சொன்னா தென்காசியிலேந்து, அருப்புக்கோட்டையிலேந்து வர்றவங்க ஒரு ராத்திரி பஸ்ஸும் ஒரு நாள் லீவும் போடணும், அது நியாயமில்ல. நாங்க டெஸ்ட் முடிஞ்ச மறுநாள் வீடியோ கால்ல இருவது நிமிஷம் பேசுவோம், அவங்க தாளையே தொறந்து வச்சு "இங்க ஏன் மாத்துனீங்க, இங்க ஏன் மாத்தல"ன்னு மட்டும் கேப்போம். தானே பண்ணவங்களுக்கு இதுல ஒரு சந்தோஷமே இருக்கும், சட்டுனு சொல்லுவாங்க. அதே கால்ல எல்லாருக்கும் இன்னும் ரெண்டு கேள்வி: நாளைக்கு அச்சுக்குப் போகணும், எழுத்தாளர் உங்க திருத்தத்த ஒத்துக்கல, என்ன பண்ணுவீங்க? நீங்க விட்டு அச்சாகிப் போன ஒரு பிழையச் சொல்லுங்க, அப்புறம் என்ன பண்ணீங்க? இதுக்கு "நான் எதையும் விட்டதில்ல"ன்னு பதில் வந்தா எனக்கு பயமா இருக்கும்.

வேர்டுல ட்ராக் சேஞ்சஸ், அதாவது திருத்துனதெல்லாம் தனியா தெரியுற மாதிரி காட்டுற வசதி, தெரியணும்னு விளம்பரத்துல கண்டிப்பா போடாதீங்க. முப்பது வருஷம் அச்சகத்துல செவப்புப் பேனாவோட உக்காந்திருந்த ஒரு ஐயா எங்ககிட்ட விண்ணப்பம் போட்டார், யூனிகோட்ல டைப் அடிக்கவே அப்ப தான் பேத்திகிட்ட கத்துகிட்டு இருந்தார். அவருக்கு மட்டும் டெஸ்ட்ட ப்ரின்ட் எடுத்துக் குடுத்தோம். ஒற்றுப் பிழையில எட்டு பேர்ல அவரும் முதல் எடம் தான். ட்ராக் சேஞ்சஸ ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடலாம், வல்லினம் மிகுற எடத்த ஒரு வாரத்துல சொல்லிக் குடுக்க முடியாது. ஒரு தகுதி போடும்போது இத ஒரு வாரத்துல கத்துக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, முடியும்னா அத எடுத்துடுங்க.

நாலாவது ட்ரையல், ஒரு மாசம் வேலைக்கு வெச்சுப் பாத்துட்டு முடிவு பண்றது. ரெண்டு மணி நேர டெஸ்டுல தெரியாத சில விஷயம் இதுல தான் தெரியும், இருநூறு பக்கத்துக்கும் ஒரே பேர ஒரே மாதிரி எழுதுறாங்களா, சொன்ன தேதிக்குக் குடுக்குறாங்களா, கோவக்கார எழுத்தாளர எப்படிச் சமாளிக்கிறாங்க. முழுச் சம்பளம் குடுத்துத் தான் வைக்கணும், "ட்ரெய்னிங் பீரியட், ஸ்டைபண்ட்"னு பாதி குடுக்குறதெல்லாம் வேணாம். ஆனா இதுல ஒரு சிக்கல், ஏற்கெனவே வேலையில இருக்குறவங்க ஒரு மாச ட்ரையலுக்காக அந்த வேலைய விட்டுட்டு வர மாட்டாங்க, வந்து நீங்க வேணாம்னுட்டா நடுத்தெருவுல நிப்பாங்க. அதனால நாங்க மாசக் கணக்க விட்டுட்டு ஒரு அத்தியாயம்னு வச்சோம், நிஜமான கையெழுத்துப் பிரதியில ஒரே ஒரு அத்தியாயம், சாயங்காலம், ஞாயித்துக்கிழமைன்னு அவங்க வசதிக்குப் பண்ணலாம், வெளியாளுக்குக் குடுக்குற அதே ரேட். டெஸ்டுல முதல் ரெண்டு பேருக்கு மட்டும் இது.

ஆள எப்படி எடுக்குறதுங்கிறதோட, முழுநேரமா ஃப்ரீலான்ஸா எடுக்குறதுங்கிற கேள்வியும் ஒட்டிக்கிட்டே வரும். பதிப்பகத்துக்கு வேலை வருஷம் பூரா ஒரே சீரா வராது, 1977-லேந்து நடக்குற சென்னைப் புத்தகக் காட்சி பொங்கல ஒட்டி வரும், அதனால அக்டோபர்லேந்து டிசம்பர் வரைக்கும் மூச்சு விட முடியாது, மார்ச்சுல ஆள் சும்மா இருப்பாங்க. அந்த மூணு மாச மெய்ப்பு வேலைக்கு ஃப்ரீலான்ஸ் சரி, ஆனா அந்த மூணு மாசம் எல்லா பதிப்பகமும் அதே ஆட்களத் தான் தேடும், ஆகஸ்டுலயே அட்வான்ஸ் குடுத்துப் பேசி வச்சுடணும். எடிட்டர் மட்டும் முழுநேரமா இருக்குறது நல்லது, எழுத்தாளர்களோட உறவு, நம்ம நடை, எந்தச் சொல்ல எப்படி எழுதுறோம்ங்கிற பழக்கம் எல்லாம் ஒரு ஆள்கிட்ட தங்கும். வருஷம் பூரா தினமும் வேலை வாங்கிகிட்டு, லீவும் பிஎஃப்பும் குடுக்க வேணாமேன்னு ஃப்ரீலான்ஸ்னு பேர் வச்சா அது அந்த ஆள ஏமாத்துறது தான். ஃப்ரீலான்ஸ்காரங்க பில்லுல பத்து சதவீதம் டிடிஎஸ்னு வருமான வரி வேற முன்கூட்டியே பிடிப்போம், வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லாதவங்க ரிட்டர்ன் போட்டா அதத் திரும்ப வாங்கலாம்னு கூட நிறைய பேருக்கு யாரும் சொல்றதில்ல, சொல்லுங்க.

ஃப்ரீலான்ஸுக்கு எப்படிக் காசு குடுக்குறதுன்னு பாத்தா, தமிழ்ல வார்த்தைக் கணக்கு சரியா வராது. இங்கிலீஷ் வழக்கப் பாத்து எல்லாரும் வார்த்தைக்கு இவ்வளவுன்னு பேசுறாங்க. 'செய்துகொண்டிருந்தார்' ஒரு வார்த்தை, அதையே 'செய்து கொண்டு இருந்தார்'னு பிரிச்சா மூணு. சேத்து ஒழுங்கா எழுதுறவங்களுக்குக் கூலி குறையும், பிரிச்சுப் பிரிச்சு எழுதுறவங்களுக்குக் கூடும், எங்க எடிட்டர் அதச் சேத்து வச்சா எழுத்தாளரோட பில் இறங்கும். ஒரு தடவ இதுலயே ஒரு எழுத்தாளருக்கும் எங்க எடிட்டருக்கும் பேச்சு வார்த்தை நின்னு போச்சு, ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல, நாங்க வச்ச கணக்கு தான் தப்பு. இப்ப எழுதுறதுக்குக் கட்டுரைக்கு இவ்வளவு, அத்தியாயத்துக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்புக்கு மூலத்துல இருக்குற வார்த்தைய வச்சு, மெய்ப்புக்குப் பக்கத்துக்கு. எடிட்டிங்குக்குப் பிரதிய முதல்ல பத்து பக்கம் பாத்துட்டு ரேட் பேசுறது, ஏன்னா சில பிரதி தும்பைப் பூ மாதிரி இருக்கும், சிலத முழுசா மறுபடி எழுதணும்.

விளம்பரத்துல சம்பளம் போடுங்க, "தகுதிக்கேற்ற ஊதியம்"னு போடாதீங்க. "இப்ப எவ்வளவு வாங்குறீங்க"ன்னு கேட்டு அதுக்கு மேல ரெண்டாயிரம் வச்சுக் குடுக்குறதையும் விடுங்க, குழந்தை பொறந்து அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்ற பொண்ணுக்கு அந்தக் கேள்வில என்ன பதில் இருக்கும்? வேலைக்கு ஒரு விலை வைங்க, யார் வந்தாலும் அதக் குடுங்க. விளம்பரம் எங்க போடுறோம்ங்கிறதும் முக்கியம், என் ஃபேஸ்புக்ல மட்டும் போட்டா என் நண்பர்களோட நண்பர்கள் தான் வருவாங்க, அது சிபாரிசு தான், வேற சட்ட போட்டுகிட்டு வருது. போன தடவ மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் காலேஜ்கள்ல தமிழ்த் துறைக்கு லெட்டர் போட்டோம், மாவட்ட நூலகங்கள்ல ஒட்டச் சொன்னோம், அந்த 'என்னலே' கண்டுபிடிச்சவங்க அப்படி ஒரு நூலகத்துல பாத்துட்டு தான் விண்ணப்பம் போட்டாங்க.

தேறாதவங்களுக்கும் பதில் போடணும். விண்ணப்பம் மட்டும் போட்டவங்களுக்கு ரெண்டு வரி, டெஸ்ட் எழுதுனவங்களுக்கு அவங்க தாள்ல எது நல்லா இருந்துச்சு, எது இடிச்சுதுன்னு அஞ்சாறு வரி. ஏழு பேருக்கு எழுத எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. 'ஏனுங்கண்ணா'வத் திருத்துன அந்தக் கூர்மையான கண்ணுக்காரர் அதுக்கு பதில் எழுதியிருந்தார், "மேடம், நான் சிவகங்கைப் பக்கம், அந்தச் சொல்லக் கேட்டதே இல்ல, யாரும் எனக்கு இதுவரைக்கும் ஏன் எடுக்கலன்னு சொன்னதும் இல்ல"ன்னு. அந்த ஐயாவையும் இவரையும் தான் இந்த சீசன் மெய்ப்புக்குக் கேட்டிருக்கேன், ஆகஸ்டுல அட்வான்ஸ் போயிடுச்சு, ஐயாவுக்குத் தாள்ல, இவருக்குக் கோப்புல. வட்டார வழக்கு வர்ற பக்கத்துல எல்லாம் பென்சில் கோடு மட்டும் போட்டு அனுப்புங்க, எங்க எடிட்டர் பாத்துக்குவாங்கன்னு சொல்லியிருக்கேன்.